புல் முளைத்த மணல்

மணல் படகு தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்து வருகிறது என்பதை வைத்தே அதில் இருக்கும் சுமையை அத்தான் சொல்லிவிடுவார். படகின் பக்கவாட்டில் வெள்ளைச் சாயத்தில் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் அவர் முகம் சுளிக்கும். முழுகியிருந்தால் காதில் செருகிய பென்சில் கைக்கு வரும். அவர் என் அக்காவின் கணவர். ரங்கூனின் போட்டாதாங் துறையில் ஒரு மணல் வியாபாரியிடம், இறங்குகிற சரக்கை எண்ணி எழுதும் டாலி கிளார்க்காக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். த்வாண்டே கால்வாய் வழியாக வரும் படகுகள் அங்கே ஒதுங்கி, அவர் கையால் சீட்டு வாங்கிக்கொண்டுதான் அக்கரையில் தன்லியின் என்ற ஊரின் பக்கம் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குப் போகும். யார் எந்தச் செய்தியைக் கொண்டுவந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "சரக்கு இறங்கிருச்சா? அதைச் சொல்லு." கல்யாணப் பேச்சானாலும் சரி, அரிசி விலை குறையப்போகிறது என்ற வதந்தியானாலும் சரி, இதே கேள்விதான். வீட்டில் நாங்கள் இதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த மனிதர் பங்கு வாங்கினார் என்றால் அதற்கும் மணல்தான் காரணம். தன்லியினில் ஒரு வீடுகட்டும் கம்பெனி பெரிய குடியிருப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தது. பொதுமக்களிடம் பங்கு விற்றது. பங்கு வைத்திருப்பவர்களுக்கு அங்கே வீடு வாங்கும்போது முதல் உரிமை என்றும் சொன்னது. மற்றவர்கள் வண்ணத்தாளில் அச்சடித்த படங்களைப் பார்த்து வாங்கினார்கள். அத்தான் அந்தத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கம்பெனி பெயருக்குத் தினமும் எத்தனை படகு மணல் போகிறது என்று அவர் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தார். இவ்வளவு மணல் வாங்குகிறவன் வீடு கட்டாமல் மாங்காய் ஊறுகாயா போடப்போகிறான் என்று கேட்டார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அப்போது அக்காவும் அத்தானும் நானும் நகரத்துக்குள் இருந்த பழைய சொந்த வீட்டை விற்றிருந்தோம். கட்டடம் நடுவில் விரிசல் விட்டுச் சாய ஆரம்பித்திருந்தது, விற்றது நல்லதுதான். அந்தப் பணம் முழுவதும் பங்காக மாறியது. தன்லியினில் வீடு எழும்பும் வரைக்கும் என்று ஐந்தாவது மாடியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். ரங்கூன்வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருக்களில் மாடி ஏற ஏற வாடகை குறையும், ஏனென்றால் லிப்ட் கிடையாது. செங்குத்தான, இருட்டான, ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய படிக்கட்டுதான். முப்பது வருஷ மணல் தூசி அத்தானின் நெஞ்சில் இருந்தது. முதல் மாதம் ஒரே மூச்சில் ஏறினார். ஆறாவது மாதம் மூன்றாவது மாடியில் நின்று, யாராவது கடந்து போனால் சட்டைப் பையில் எதையோ தேடுகிறவர்போல் பாவனை செய்தார். டாக்டர் அக்காவிடம் தனியாகச் சொன்னது இதுதான்: மருந்து இருக்கட்டும், முதலில் அவரைத் தரைக்கு இறக்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் சிறிய முக்காலிகளில் உட்கார்ந்து கம்பெனியின் ஜாதகத்தைக் கணிப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. அத்தான், அக்கா, நான், பிறகு எங்களைப்போலவே பங்கு வாங்கியிருந்த ஒரு பர்மியப் பெரியவர். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மாமா என்ற பொருளில் நாங்கள் அவரை ஊலே என்று கூப்பிடுவோம். அத்தானும் அவரும் பர்மிய மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். அத்தான் அந்த வாரம் எத்தனை படகு என்று சொல்வார். ஊலேயின் அளவுகோல் வேறு. கம்பெனி வருஷத்துக்கொரு முறை பங்குதாரர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் நடத்தும். முதல் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு பெட்டி கோழி பிரியாணியும் ஒரு குடையும் கொடுத்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் பன்னும் காப்பிப்பொடிப் பொட்டலமும். மூன்றாவதில் தண்ணீர் பாட்டில் மட்டும், அதுவும் இருவருக்கு ஒன்று. "எனக்கு அறிக்கை படிக்கத் தெரியாது. பிரியாணி படிக்கத் தெரியும்" என்றார் ஊலே. அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஞாயிறும் படகுகள் குறையவில்லை.

என் பங்குக்கு நானும் ஒரு சாட்சி. தன்லியினில் உள்ள ஒரு தையல் ஆலையில் நான் கணக்கு எழுதுகிறேன். காலையில் பேகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால், கம்பெனியின் மனை முழுவதும் கண்ணில் படும். அதனால் "பாப்பா, என்ன பார்த்தே?" என்று அத்தான் ஒவ்வொரு வாரமும் கேட்பார். அவர் கல்யாணத்தின்போது நான் பள்ளிக்கூடத்துப் பெண். தலை நரைத்த பிறகும் அவருக்கு நான் பாப்பாதான். முதல் வருஷம் சொல்ல நிறைய இருந்தது. தூண்கள், கம்பிகள், மஞ்சள் தொப்பிக்காரர்கள், முழுசாகக் கட்டி முடித்த ஒரு மாதிரி வீடு. இரண்டாவது வருஷம் தூண்கள் அதே உயரத்தில் நின்றன. உயரமான கிரேன் ஒன்று ஆற்றைப் பார்த்துக் கை நீட்டியபடி நின்றது, எத்தனையோ வாரம் கழித்தும் அதே திசையில்தான் நீட்டிக்கொண்டிருந்தது. மாதிரி வீட்டின் வாசல்படியில் நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. மணல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஒரு குவியலுக்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. மழை முடிந்த ஒரு காலை, பஸ் நெரிசலில் நின்றபோது பார்த்தேன். முன்வரிசைக் குவியல்கள் பச்சையாக இருந்தன. இடுப்பளவு புல் வளர்ந்து காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

இறங்கிய மணலை அத்தான் எண்ணினார், எடுத்த மணலை எண்ண அங்கே யாரும் இல்லை. பின்னால் தெரிந்தது, வேலை நடக்கிறது என்று காட்ட மணல் குவியல்தான் மலிவான வழி. அதையும் அவர்கள் கடனுக்கு வாங்கிக் குவித்திருந்தார்கள். அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்தது புல் மட்டும். அந்த ஞாயிறு நான் புல்லைப் பற்றிப் பேசவில்லை. மழையில் வேலை கொஞ்சம் மந்தம் என்று சொல்லி வைத்தேன். கணக்கு எழுதுகிறவளுக்குக் கெட்ட செய்தியை மெல்லிய சொல்லில் சுற்றித் தருவது கைவந்த கலை.

அடுத்த மாதம் ஊலே தம் பங்குகளை அத்தானுக்கே விற்றார். அந்தக் கம்பெனிப் பங்கு சந்தையில் ஏறாத பங்கு. விற்க வேண்டுமென்றால் வாங்குகிறவரை நாமே தேடிப் பிடித்து, இருவருமாகக் கம்பெனி ஆபீசுக்குப் போய், எதிரெதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்றார் ஊலே. அத்தான் மிச்சமிருந்த கொஞ்சத்தையும் திரட்டி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஊலே டீக்கடைக்கு வரவில்லை. ஒரு முறை கடைத்தெருவில் எங்களைக் கண்டதும் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார். கம்பெனி கொடுத்த குடைதான் அது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அத்தான் அந்தக் குடை தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் கடைசியில். "தெரிஞ்சுதான் என் தலையில கட்டியிருக்கார். மனுஷன் இனிமே என்னைப் பார்த்து எப்படிச் சிரிப்பாரு? பாவம்." ஏமாந்தவர் இவர். பாவப்பட்டது அவருக்காக.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸம்மா வந்தார். எங்கள் கோயிலைச் சேர்ந்தவர். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கையில் ஒட்டுமொத்தமாகப் பணம் வாங்கியிருந்தார். ஒண்டிக்கட்டை. மணல் கணக்கே தெரிந்த டாலி அண்ணன் வாங்கியிருக்கிறார் என்றால் அது நல்ல கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும், உங்களிடம் இருப்பதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். வாங்கின விலையையே கொடுப்பதாகவும் சொன்னார். அக்காவின் முகத்தில் நான் அன்று கண்ட வெளிச்சத்தை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. தன்லியினில் சந்தைக்குப் பின்னால் தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு ஒன்று விலைக்கு இருந்தது. அக்கா அதைப் போய்ப் பார்த்துவிட்டே வந்திருந்தாள். வாசலில் ஒரே ஒரு படி, அதையும் பலகை போட்டுச் சரிவாக்கிவிடலாம் என்று ஆசையோடு சொன்னாள்.

அத்தான் மட்டும் பதில் சொல்லாமல் இரண்டு வாரம் இழுத்தார். "நல்லா இருக்குற பொருளா இருந்தா குடுக்கலாம். கெட்டுப்போனதை அந்தம்மா கையில குடுத்துட்டு, ஊலே மாதிரி குடையைத் தாழ்த்திக்கிட்டு நடக்கச் சொல்றியா?" என்று அக்காவைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். புல்லைப் பற்றி அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். கத்தியைக் கீழே வைக்காமலே பேசினாள். "நாளைக்கு அவர் கேட்டா, வேலை நடக்குதுன்னு சொல்லு. மணல் எடுக்குறாங்கன்னு சொல்லு. அப்பத்தான் அவர் மனசு சமாதானமா விப்பாரு."

"நர்ஸம்மா என்னாவாங்க அக்கா?"

"அவங்களுக்கு ரெண்டு நுரையீரலும் நல்லா இருக்கு," என்றாள். பிறகு அழுதாள். நான் சரி என்றேன். அவள் கெஞ்சியதால் மட்டும் சரி சொன்னதாகச் சொன்னால் அது இன்னொரு பொய். முந்தின நாள் மாலை அத்தான் நாலாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அவரைத் தரைக்கு இறக்க நர்ஸம்மாவை விலையாகக் கொடுக்க நானும் தயாராகத்தான் இருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். அத்தான் டீயைத் தொடவில்லை. "பாப்பா, நேராச் சொல்லு. அந்த மணலை எடுக்குறாங்களா?"

"எடுக்குறாங்க அத்தான். முன்னாடி இருந்த குவியல் பாதி கரைஞ்சிருச்சு. லாரி வரிசையா நிக்குது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பொய் சொல்கிறவர்கள் தலை குனிவார்கள் என்பது கதைகளில்தான். அவர் மெதுவாக டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்த மறுகணமே எனக்குப் புரிந்துவிட்டது, தப்புச் செய்துவிட்டோம் என்று.

"அப்ப இப்ப எதுக்கு விக்கணும்?" என்றார். "மூணு வருஷம் காத்திருந்துட்டு, வேலை சூடுபிடிக்கிற நேரத்துல விட்டுட்டுப் போவாங்களா? அடுத்த மழைக்குள்ள கூரை போட்ருவான்."

அக்காவால் என்ன சொல்ல முடியும்? இவள் பொய் சொல்கிறாள் என்றால், அவர் நர்ஸம்மாவுக்கு விற்கவே மாட்டார். உண்மை என்றால், யாருக்குமே விற்க மாட்டார். அத்தானிடம் மனச்சாட்சி இருப்பதை மட்டுமே கணக்கில் எடுத்தோம். அவரிடம் ஆசையும் இருந்தது. முப்பது வருஷம் ஊரார் வீட்டுக்கெல்லாம் மணல் எண்ணிக் கொடுத்தவர், தன் வீட்டுக்கான மணல் கரையேறிவிட்டது என்று நம்ப ஆசைப்பட்டார். நாங்கள் இரண்டு பெண்களும் அதை நினைத்தே பார்க்கவில்லை.

மறுநாள் அவரே நர்ஸம்மாவிடம் போய் இல்லையென்று சொல்லிவிட்டு வந்தார். நல்லதைத் தானே வைத்துக்கொள்கிறார் என்று நர்ஸம்மாவுக்குக் கோபம். கோயிலில் எங்களைக் கண்டால் வேறு பெஞ்சுக்கு நகர்ந்தார். அந்தக் கோபத்திலேயே, கம்பெனியும் வேண்டாம் பங்கும் வேண்டாம் என்று, தன்லியின் சந்தைக்குப் பின்னால் தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கிக் குடிபோனார். அக்கா பார்த்து வைத்திருந்த அதே வீடு.

அந்த மழை வந்தது, போனது. கூரை வரவில்லை. ஊரின் நிலைமையும் கெட்டது. எங்கே பார்த்தாலும் பாதியில் நின்ற கட்டடங்கள். மணல் வியாபாரி பாக்கி வராத கோபத்தில் அந்தக் கம்பெனிக்குப் படகு அனுப்புவதை நிறுத்தினார். நிறுத்தச் சொல்லி எழுதிய சீட்டும் அத்தான் கையால் எழுதியதுதான். பங்கை யாரும் கேட்கவில்லை. கம்பெனி ஆபீசில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன, பிறகு கதவே பூட்டிக் கிடந்தது. அத்தான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, எங்களுக்குச் சொல்லாமல், தன்லியின் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தார். நான் வேலை முடிந்து வந்தபோது இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை செருப்பைத் தொடவில்லை.

"புல்லு நல்லா வளர்ந்திருக்கு பாப்பா," என்றார். "ஒரு மழைக்கு வளர்ற புல்லு இல்ல அது."

நான் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாய் வரவில்லை. மூச்சு அடங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், நாங்கள் ஒவ்வொரு படியாக ஏறினோம். மூன்று மாதம் கழித்து ஒரு காலை, வேலைக்கு இறங்கும்போது அதே இரண்டாவது மாடியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. கீழ்வீட்டுப் பையன்கள் அவரை நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். டாக்டர் சொன்னபடி அன்றைக்குத்தான் அவரைத் தரைக்கு இறக்கினோம். இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

இப்போதும் நான் அதே பஸ்ஸில் போகிறேன், வலப்பக்கமாக உட்கார்ந்து. போன மாதம் நெரிசலில் இடப்பக்கம்தான் இடம் கிடைத்தது. மனையைச் சுற்றியிருந்த தகர வேலிக்குப் புதிதாகப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். வேறு பெயரில் பலகை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, குடைகளை அடுக்கி வைத்து, இரண்டு பெண்கள் வருகிறவர்களுக்கு வண்ணத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்குகிறவர்கள் வரிசையாக நின்றார்கள், எங்களைப் போன்றவர்கள்தான். வேலிக்கு மேலே புதிய மணல் குவியல் ஒன்று ஈரம் காயாமல் தெரிந்தது.

அந்த வாரம் நர்ஸம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கம்பெனி மூழ்கிய செய்தி தெரிந்த அன்றே அவர் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. அத்தான் அடக்கத்தில் எங்களைவிட அதிகம் அழுதது அவர்தான். இன்றுவரை அவருக்கு ஒரே எண்ணம்: டாலி அண்ணனுக்குக் கம்பெனியின் லட்சணம் முன்பே தெரியும், தம் பணம் போனாலும் பரவாயில்லை, ஒரு ஏழை நர்ஸின் பணம் போகக் கூடாது என்றுதான் விற்க மறுத்தார். வாசலில் ஒரே படி இருக்கும் அந்த வீட்டில், அக்காவின் தட்டில் மீன்குழம்பை ஊற்றியபடி அன்றும் அதையே சொன்னார். "உங்க வீட்டுக்காரர் தெய்வம் அக்கா. அன்னைக்கு அவர் வித்திருந்தா நான் இன்னைக்குத் தெருவுல நிப்பேன்."

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. வழக்கமாக இந்தப் பேச்சு வந்தால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அன்று சொன்னாள்.

"அவர் விக்கத்தான் இருந்தாரு நர்ஸம்மா. இவ சொன்ன ஒரு வார்த்தையிலதான் நின்னாரு."

நான் அக்காவைப் பார்த்தேன். அந்த வார்த்தையை என் வாயில் வைத்தது யார் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் அடுத்த கவளத்தை உருட்டினாள்.

நர்ஸம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே போட்டுவிட்டு என்னிடம் வந்தார். என் இரண்டு கைகளையும், எச்சில் கையையும் சேர்த்து, பிடித்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். "நீயா பாப்பா? இத்தனை நாளும் சொல்லவே இல்லையே," என்றார். அவர் கண்ணீர் என் விரல்களில் பட்டது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.